கரு மேகத்துக்குக் கீழே: பாலாவியில் சுழல்காற்றும் நம் கூரைகளும்

2014ஆம் ஆண்டு மே மாதம், சிலாபம் பகுதிக் கிராமம் ஒன்றில் மழையோடு மீன் விழுந்தது. கூரையில் ஏதோ கனமாக விழுகிற சத்தம் கேட்டு வெளியே வந்த சனம், பாதையிலும் புல்தரையிலும் மீன்கள் கிடப்பதைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு சென்றிமீற்றர் நீளம். மொத்தம் ஐம்பது கிலோ அளவு என்று அதிகாரிகள் சொன்னார்கள். சில மீன்களுக்கு இன்னும் உயிர் இருந்தது. அவற்றை வாளித் தண்ணீரில் விட்டு, பிறகு கறிக்கு எடுத்துக்கொண்டார்கள். பிபிசி வரை அந்தச் செய்தி போனது. ஆழமில்லாத நீர்ப்பரப்பின் மேல் எழுந்த சுழல்காற்று மீனைத் தூக்கிக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட விளக்கம்.

அதிசயம் என்று பேசிவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் சிலாபம் வேறு எங்கோ இல்லை, நம் புத்தளம் மாவட்டம்தான். மீனைத் தூக்கும் காற்று மீனை மட்டும் பார்த்துத் தூக்காது. தகரத்தையும் தூக்கும், ஷீட்டையும் தூக்கும்.

டோர்னாடோ வீடியோக்களைப் பார்க்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று: "இது எங்கட ஊருக்கும் வருமா?" அமெரிக்கச் சமவெளியில் ஊரையே துடைத்துக்கொண்டு போகிற அந்த அளவில் வருவது மிக மிக அரிது. சின்ன உருவத்தில் வரும், வந்தும் இருக்கிறது. அதைவிட அடிக்கடி வருகிற இன்னொரு காற்றும் உண்டு. அந்தக் காற்றைத்தான் நாம் சரியாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று காற்று, ஒரே பெயர்

நமது செய்திகளில் கூரை பறந்தால் "மினி சூறாவளி" என்று போட்டுவிடுவார்கள். அந்தப் பெயருக்குள் வேறு வேறு காற்றுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாம் செய்ய வேண்டியதும் வேறு.

முதலாவது, உண்மையான சூறாவளி. வங்காள விரிகுடாவின் சூடான கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவி வருவது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது, 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டியது, 2025 நவம்பர் இறுதியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன டித்வா, எல்லாம் இந்த வகை. செய்மதியில் நாட்கணக்கில் முன்பே தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் பாதையைச் சொல்லும். நமக்கு நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, டோர்னாடோ. இடி மேகத்தின் அடியிலிருந்து நிலம் வரை தொட்டு நின்று சுழலும் காற்று. அகலம் பெரும்பாலும் சில பத்து மீற்றரிலிருந்து சில நூறு மீற்றர். அதே சுழல் கடலிலோ களப்பிலோ இறங்கினால் நீர்ச்சுழல்.

மூன்றாவது, மேகத்திலிருந்து கீழ்நோக்கிக் கொட்டுகிற காற்று. சுழலாது. மழையோடு சேர்ந்து குளிர்ந்து கனத்த காற்று மொத்தமாக நிலத்தில் மோதி நாலாபக்கமும் சிதறும். நம் பக்கத்தில் கூரைகள் பறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பின்னைய இரண்டுக்கும் நாட்கணக்கில் முன்னறிவிப்பு கிடையாது. இன்று பிற்பகல் இடிமழை வரலாம் என்று சொல்ல முடியும். பாலாவிச் சந்தியிலா, நுரைச்சோலையிலா, மதுரங்குளியிலா காற்று இறங்கும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது.

சுழல் எப்படிப் பிறக்கிறது?

வெயிலில் நிலம் கொதிக்கும்போது அதைத் தொட்ட காற்று சூடாகி மேலே எழும். கடலிலிருந்தும் களப்பிலிருந்தும் வந்த ஈரம் அதில் இருந்தால், மேலே போகப் போக அந்த ஈரம் துளியாகி மேகமாகும். நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். இப்படித்தான் ஒரு வெள்ளை மேகம் ஒரு மணித்தியாலத்துக்குள் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் உயர்ந்த கறுத்த இடி மேகமாகிறது.

இது மட்டும் போதாது, சுழற்சியும் வேண்டும். பெரிய டோர்னாடோக்களில் அந்தச் சுழற்சி உயரத்திலிருந்து வருகிறது. தரையருகே காற்று மெதுவாக ஒரு திசையில் வீச, மேலே வேகமாக வேறு திசையில் வீசினால், இடையிலுள்ள காற்று படுத்த வாக்கில் உருளத் தொடங்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு பென்சிலை வைத்து, மேல் கையை மட்டும் முன்னே தள்ளிப் பாருங்கள், புரியும். இப்படிப் படுத்து உருளும் காற்றை, மேலெழும் காற்று தூக்கி நிமிர்த்திவிடும். அப்போது மேகத்தின் நடுப்பகுதியே மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சி ஒடுங்கி, நீண்டு, நிலத்துக்கு இறங்கும்போது வேகம் பல மடங்காகிறது.

1989 ஏப்ரல் 26ஆம் திகதி பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சட்டூரியா ஊர்களை அழித்தது அப்படிப்பட்ட ஒன்று. சுமார் 1300 பேர் இறந்ததாகக் கணக்கு. உலகிலேயே அதிக உயிர்களைக் கொன்ற டோர்னாடோவாக இன்றும் அதையே குறிப்பிடுகிறார்கள். 1998 மார்ச்சில் ஒடிசா, மேற்கு வங்காள எல்லையிலும் ஒரு டோர்னாடோ நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆகவே இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் கீழே விரிகுடாவின் ஈரக் காற்று, மேலே மேற்கிலிருந்து வேகமாக வரும் வறண்ட காற்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும்.

நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். இடிமழைக் காலத்தில் இங்கே கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் பொதுவாக அவ்வளவு வித்தியாசம் இருப்பதில்லை. அதனால்தான் அந்த இராட்சத வகை இங்கே அரிது.

நம் பக்கத்துச் சுழல்

நமக்கு வருவது தரையிலிருந்து பிறக்கிற சிறிய வகை. பாலாவியில் நின்று கல்பிட்டிப் பக்கம் பாருங்கள். நடுவே களப்பு, அதற்கப்பால் நீண்டு ஒடுங்கிய குடாநாடு, அதற்கும் அப்பால் கடல். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும். களப்பின் மேலாகவும் காற்று வரும். நிலத்தின் மேல் வேறு திசைக் காற்று இருக்கும். இவை சந்திக்கிற கோட்டில் சின்னச் சின்னச் சுழிகள் உண்டாகும். உப்பளத்து வரம்பிலும் மைதானத்திலும் தூசியும் சருகும் சுற்றிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுவும் ஒரு சுழிதான், ஆனால் அதன் தலைக்கு மேல் மேகம் இல்லை. இப்படியான ஒரு சுழிக்கு நேர் மேலே வேகமாக வளர்கிற மேகம் ஒன்று வந்து நின்றால் கதை மாறும். மேலெழும் காற்று சுழியை மேலே இழுத்து நீட்டும். நீள நீள அது ஒடுங்கும், ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும்.

நீரின் மேல் இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதலில் தண்ணீரில் வட்டமாக ஒரு கரும்பொட்டு தெரியும். பிறகு அதைச் சுற்றி வெளிறிய, கறுத்த கோடுகள் சுருளாக ஓடும். அடுத்து, அடியில் வளையமாகத் துளி தெறிக்கும். அதற்குப் பிறகுதான் மேகத்திலிருந்து தும்பிக்கை முழுதாக இறங்கியது தெரியும். கடைசியில் மழைக்குளிர் உள்ளே புகுந்து, கயிறுபோல வளைந்து அறுந்துபோகும். எல்லாம் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் நம் மீனவர்கள் கவனிக்க வேண்டியது: தும்பிக்கை தெரியும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது என்று இல்லை. கரும்பொட்டிலேயே காற்று தண்ணீரைத் தொட்டுவிட்டது.

மேகம் கடல் நீரை உறிஞ்சிக் குடிப்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அந்தத் தூண் முகில்தான். சுழலின் நடுவே அழுத்தம் குறைவதால் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளியாகித் தூணாகத் தெரிகிறது. நீர் தெறிப்பது அடியில் சில மீற்றருக்குத்தான். சிலாபத்து மீன்களைப் போன்ற சின்ன உயிர்கள் அந்த அடிப்பகுதியில் அகப்பட்டுத்தான் மேலே போகின்றன என்று கருதப்படுகிறது.

விழுந்த தென்னை சொல்லும் சாட்சி

வந்துபோனது சுழலா, கொட்டிய காற்றா என்று எப்படித் தெரியும்? விழுந்த மரங்களைப் பார்த்துச் சொல்லலாம் என்று கண்டறிந்தவர் தெட்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட நகரம் கொக்குரா. அதற்கு அருகில்தான் அவர் கல்லூரியில் பணி செய்தார். அன்று கொக்குராவின் மேல் மூட்டமாக இருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு அவர் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், குண்டின் கீழ் மரங்களும் கட்டடங்களும் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன என்று ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்காவில் ஒரே நாளில் டோர்னாடோக்கள் கொத்தாகத் தாக்கிய பின் விமானத்திலிருந்து பார்த்தபோது, ஓர் இடத்தில் மரங்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி நட்சத்திரம்போல் விழுந்து கிடந்தன. மேலிருந்து கொட்டிய காற்றின் அடையாளம் அது என்று புரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் விமானம் ஒன்று தரையிறங்கும்போது நொறுங்கியதற்கும் அதே காற்றுதான் காரணம் என்று காட்டினார். டோர்னாடோவின் வலிமையைச் சேதத்தை வைத்து அளக்கும் அளவுகோலும் 1971இல் அவர் தந்ததுதான். இன்று திருத்தப்பட்ட வடிவில் அது மணிக்கு 105 கிலோமீற்றரில் தொடங்கி, 322 கிலோமீற்றருக்கு மேல் போகிறது.

நம் தோட்டங்களிலும் இதைப் பார்க்கலாம். காற்று அடித்த மறுநாள் தென்னந்தோட்டத்துக்குள் போங்கள். தென்னைகளெல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துக் கிடந்தால், அல்லது விசிறிபோல விரிந்து கிடந்தால், மேகத்திலிருந்து கொட்டிய காற்று. ஒடுங்கிய ஒரு பாதையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்கும் கிடந்து, பாதைக்கு வெளியே ஒரு மட்டைகூட விழாமல் இருந்தால் சுழல். படம் எடுத்து வையுங்கள். ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

கிடுகு போய்த் தகரம் வந்தது

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் வந்து சேர்ந்தபோது, இந்தப் பக்கமெல்லாம் கிடுகுக் கொட்டில்கள்தான். வருடங்கள் போகப் போகக் கிடுகு தகரமானது, தகரம் ஷீட்டானது. வாழ்க்கை கொஞ்சம் நிமிர்ந்ததன் அடையாளம் அது, மகிழ்ச்சிதான். ஆனால் பறக்கிற கிடுகு ஆளைக் கொல்வது குறைவு, பறக்கிற தகரம் கழுத்தை அறுக்கும். கூரையை மாற்றினோம், அதைப் பிடித்து வைக்கும் முறையை மாற்றவில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 48 கிலோ பாரம் வைத்தாற்போல் அழுத்தும். 150 கிலோமீற்றரானால் 100 கிலோவைத் தாண்டும். கூரைக்கு மேலே அந்த விசை இழுவிசையாக மாறி ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சும். கீழே, திறந்த விறாந்தைக்குள் புகுந்த காற்று அதே ஷீட்டை உள்ளிருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் வெறும் ஆணி என்ன செய்யும்?

அண்மையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கூரை போட வந்த பாஸிடம் இதைத்தான் கேட்டேன்.

"பாஸ், ஆணிதானா அடிக்கப் போறீங்க?"

"எல்லாருக்கும் ஆணிதானே தம்பி அடிக்கிறது."

"கொக்கி போல்ட் போட்டா எவ்வளவு கூடும்?"

அவர் கணக்குப் பார்த்தார். கூடுதல் செலவு ஒரு ஷீட்டின் விலையைக்கூடத் தொடவில்லை. மரத்தைச் சுற்றிப் பிடிக்கிற கொக்கி போல்ட், மேலே அகன்ற வாசர், அதற்குக் கீழே றப்பர். கூரையின் ஓரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் நெருக்கமாகப் போடச் சொன்னேன். காற்று முதலில் பிய்க்கிறது அந்த ஓரங்களைத்தான். பிறகு பாஸே ஒன்று சொன்னார்: "தம்பி, ஷீட்டை மரத்தோட பிடிச்சா மட்டும் போதாது. மரத்தைச் சுவரோட பிடிக்கோணும். இல்லாட்டிக் கூரை முழுசாத் தூக்கும்." வளையைச் சுவருக்குள் இறக்கிய கம்பியோடு முறுக்கிக் கட்டினார். அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், நாம் கேட்டால் செய்து தருவார்கள். கேட்பதில்லை என்பதுதான் குறை.

போல்ட்டுக்கு வசதியில்லாத தகரக் கூரையா? கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பது ஆபத்து, அவையும் கீழே வரும். முகட்டுக்கு மேலாகக் கனத்த கயிற்றைக் குறுக்கே போட்டு, இரு பக்கமும் நிலத்தில் ஆழமாக இறக்கிய கட்டையில் இறுக்கிக் கட்டுங்கள். முற்றத்தில் கிடக்கும் மிச்சத் தகரம், வெற்றுத் தண்ணீர்த் தாங்கி, பலகை எல்லாவற்றையும் கட்டுங்கள் அல்லது உள்ளே எடுங்கள். வீட்டின் மேல் சாய்ந்த தென்னை இருந்தால் நல்ல வானிலையிலேயே முடிவெடுங்கள்.

வானம் கறுத்தால்

நம் ஊருக்குக் காற்று புதிதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கல்பிட்டிப் பக்கம் காற்றாலைகள் ஓய்வதில்லை. அது ஒரு திசையில் நிலையாக வீசும் பருவக்காற்று, நமக்குப் பழகியது. அந்தப் பழக்கம்தான் நம்மை அசட்டையாக இருக்க வைக்கிறது. பயப்பட வேண்டியது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் எழும் இடி மேகத்துக்கு. புழுக்கம் நிறைந்த பகல், திடீரெனக் காற்று நின்றுபோதல், மேகத்தின் அடி கறுத்துத் தாழ்தல், பிறகு உடலில் படும் குளிர்ந்த காற்று. அந்தக் குளிர் பட்டதும் மேகத்திலிருந்து காற்று கொட்டத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது சில நிமிடம்தான்.

வீட்டில் இருந்தால்: கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டுங்கள். அழுத்தம் சமமாகட்டும் என்று யன்னலைத் திறந்துவிடுகிற பழைய யோசனை தவறு, திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். கொங்கிரீட் தட்டுப் போட்ட குளியலறை இருந்தால் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் அங்கே போங்கள். சின்ன அறை, நெருங்கிய சுவர்கள், மேலே தட்டு. அது இல்லையென்றால் யன்னலிலிருந்து விலகி, உள் அறையில் கட்டிலுக்கோ மேசைக்கோ கீழே குனிந்து, தலையை மெத்தையாலோ தலையணையாலோ மூடுங்கள். பறந்துவரும் பொருள்தான் பெரும்பாலும் ஆளைக் காயப்படுத்துகிறது. தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் மேகம் கறுக்கும்போதே பக்கத்துக் கல்வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்விடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உப்பளத்தில் இருந்தால்: அங்கே காற்றைவிட மின்னல் முந்தும். கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையில் உயர்ந்து நிற்பது நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உப்பு நனையும் என்று கிடுகு மூட நிற்க வேண்டாம். கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்து வெளியே வாருங்கள்.

களப்பில் இருந்தால்: தும்பிக்கையையோ கரும்பொட்டையோ கண்டால் அதன் போக்குக்குச் செங்குத்தாகத் தோணியைத் திருப்பி விலகுங்கள். அது வரும் திசையிலேயே முன்னால் ஓட வேண்டாம். உயிர்காப்பு அங்கியைத் தோணியின் மூலையில் வைத்திராமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதையில் இருந்தால்: மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் நிறுத்திவிட்டு உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். தென்னை, விளம்பரப் பலகை, கரண்ட் லைன், இவற்றின் கீழ் ஒதுங்கக் கூடாது. ஒன்றுமே இல்லாத வெளியென்றால் பள்ளமான இடத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடுங்கள்.

காற்று நின்ற பின்: அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாமல் மின்சார சபையின் 1987க்குச் சொல்லுங்கள். காயப்பட்டவர்களுக்கு 1990 அம்பியூலன்ஸ். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. உடைந்த அஸ்பெஸ்டஸ் ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு அள்ளுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அகற்றுவதற்கு முன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள்.

புத்தளத்திலும் பொத்துவிலிலும் டொப்ளர் ராடார் அமைக்க 2017இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. மேகத்துக்குள் மழைத்துளி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று அதில் தெரியும். சுழற்சியையும் பிடிக்கலாம். இந்தக் கரையோரத்துக்கு அது அவசியம், அதைத் தொடர்ந்து கேட்பது நம் கடமை. ஆனால் ராடாரும் எச்சரிக்கை அமைப்பும் முழுமையாக உள்ள அமெரிக்காவில்கூட, டோர்னாடோ எச்சரிக்கைக்கும் காற்று வந்து சேர்வதற்கும் இடையே கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம் அளவுதான். பத்து நிமிடத்தில் ஓடி ஒளியலாம், கூரையை இறுக்க முடியாது.

ஆகவே மார்ச்சுக்கு முன் ஒரு தரம், ஒக்டோபருக்கு முன் ஒரு தரம் ஏணி வைத்து உங்கள் கூரையைப் பாருங்கள். துருப்பிடித்த ஆணி, தளர்ந்த கம்பி, உளுத்த மரம் எதைக் கண்டாலும் அன்றைக்கே மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்களோ தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற தாயோ இருந்தால், அவர்களுடைய கூரையையும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள். அங்கிருந்து பிய்கிற தகரம் யார் முற்றத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது.